லாய்ட் ஸ்டாடர்ட் டிரெய்லரைப் பின்னால் எடுத்த நாள்

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். அதைச் சொன்னவன் என் கையில் கிடைத்தால், ஒரு சனிக்கிழமை முழுக்க லாய்ட் ஸ்டாடர்ட் பக்கத்தில் உட்கார வைப்பேன். சாயங்காலம் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

லாய்டும் நானும் பிளைத் என்ற பாலைவன ஊரில், சாலை பராமரிக்கிற யார்டில் வேலை பார்க்கிறோம். நான் தண்ணீர் லாரியில் முன்னால் போய் மண்சாலையை நனைப்பேன். அவன் கிரேடரில் பின்னால் வந்து சீவிச் சமப்படுத்துவான். அவன் சீவிவிட்ட சாலையில் முட்டையை உருட்டிக்கொண்டு போகலாம். கை அப்படி. வாய்தான் இப்படி. மூடி திறக்காத காப்பி பாட்டிலைத் திட்டுவான். கம்பத்தில் உட்கார்ந்த காக்காயைத் திட்டுவான். வானொலியில் காற்று அடிக்கும் என்று சொன்னவனை, அவன்தான் ஊதிவிட்ட மாதிரி திட்டுவான். அவன் அப்பா முலாம்பழ வயலில் மேஸ்திரி. ஒரு வரப்பிலிருந்து கத்தினால் எட்டாவது வரப்பில் ஆள் நிமிர்ந்து பார்ப்பானாம். பையன் சொத்தாக வாங்கிக்கொண்டது அந்தத் தொண்டையைத்தான்.

"லாய்ட் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான்" என்று யார்டில் எல்லோரும் சொல்வார்கள். வாஸ்தவம். அவன் வைத்துக்கொள்ள மாட்டான். கேட்டவன்தான் வைத்துக்கொண்டு அலைய வேண்டும்.

முதல் பெண்டாட்டி ஒரு நாள் ஃபீனிக்ஸுக்கு பஸ் ஏறினாள், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டி யோலாண்டாவைக் கட்டினான். யோலி தெற்கே பிராலி என்ற ஊர்க்காரி. அவள் அப்பா வைக்கோல் கட்டு ஏற்றி விற்கிறவர். இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். இனிமேல் குழந்தை இல்லை என்று இருவரும் விட்டுவிட்ட வயதில், போன ஜூனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. டெல்ஃபினா என்று பெயர் வைத்தார்கள். ஃபினா என்று கூப்பிடுவார்கள். அந்தக் குழந்தையிடம் மட்டும் அவன் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரியும். அடக்கத் தெரியாதவன் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவனுக்கு அடக்கத் தெரியும்.

குழந்தை பிறப்பதற்கு முந்தின மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரை முகாமுக்கு லாய்டின் டிரெய்லரை, வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற அந்தச் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு போனோம். டிரெய்லர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக ஒரு வண்டி உள்ளே வந்தால் போதும், உட்கார்ந்திருக்கிற நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பீரைத் திறந்துவிடுவார்கள். புருஷன் டிரெய்லரைப் பின்னால் எடுப்பான், பெண்டாட்டி பின்னால் நின்று கையை ஆட்டுவாள், அவன் கத்துவான், அவள் அழுவாள். முகாமில் இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. அன்றைக்கு வேடிக்கை லாய்ட் வீட்டு வேடிக்கை. நிறைமாத வயிற்றோடு வெயிலில் நின்று யோலி கை காட்டினாள். இவன் ஜன்னலில் தலையை நீட்டி, "கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? மரம் தெரியல? பூசணிக்கா மாதிரி நின்னா எப்படிடீ தெரியும்!" என்று ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கிற மாதிரி கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். யோலி கையை இறக்கினாள். பிரதான சாலை வரைக்கும் நடந்து போனாள். அவள் தம்பி வந்து பிராலிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

குழந்தை பிறக்கும் சமயத்தில் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கே என் முன்னால் சொன்னாள்:

"க்ளீட், நீங்க சாட்சி. இன்னொரு தடவை நாலு பேர் முன்னாடி இந்த ஆள் என்னைப் பாத்துக் கத்தினான்னா, நானும் புள்ளயும் அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். திரும்ப மாட்டோம்."

லாய்ட் தலையை ஆட்டினான். மன்னிப்பு? அந்தச் சொல் அவன் வாயில் வராது. மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் என்ன செய்வான்? சாமான் வாங்குவான்.

குளிர்காலம் முழுக்க வாங்கினான். மார்ச்சில், பாறையும் கள்ளியுமான பாலைவனத் தேசியப் பூங்கா பூத்திருக்கும், யோலிக்குப் பிடித்த இடம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் போய் வருவது என்று திட்டம். தார்ப்பாயும் பீன்ஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு கல் மேல் படுத்து வளர்ந்தவன் இவன். இப்போது பார்த்தால் வண்டிக் கொட்டகையில் நடக்க இடம் இல்லை. மடக்குத் தொட்டில். கொசுவலைக் கூடாரம். வெயிலுக்கு ஒரு விசிறி, குளிருக்கு ஒரு ஹீட்டர். மாவுப்பால் டின் ஒரு கோபுரம். பூங்காவில் குழாய் கிடையாது என்பதால் தண்ணீர் கேன்கள், ஒரு படை குளிக்கிற அளவுக்கு.

யார்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னார்கள்.

"ஒன்பது மாசக் குழந்தையவா? தேள் இருக்கும்டா."

"ராத்திரி வெரச்சுப் போயிடும்."

"மத்தியானம் வெந்து போயிடும்."

"அதுக்குப் பூவு தெரியுமா, புல்லு தெரியுமா? வீட்டுல ஒரு தொட்டியில வச்சுக் காட்டு."

லாய்ட் கிரேடர் மேலிருந்தே கத்தினான். "நீங்கல்லாம் எங்கடா பொறந்தீங்க, பனிக்கட்டிப் பெட்டியிலயா? எங்கம்மா என்னை ஆத்தங்கரைல ஒரு பழப்பெட்டியில போட்டு வளத்தா!"

"அதான் தெரியுதே" என்றேன் நான்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். யோலி குழந்தைக்கு மசித்த உருளைக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பாதியைத் தலையில் பூசிக்கொண்டிருந்தது.

"பூங்காவுல ரிவர்ஸ் நான் எடுக்கிறேன்" என்றாள் யோலி. "நீ பின்னாடி நின்னு கை காட்டு."

லாய்ட் சிரித்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நீயா? அங்க பாறைக்கும் பாறைக்கும் நடுவுல எடம் இவ்வளவுதான் இருக்கும்."

"எங்கப்பாவுக்கு வைக்கோல் டிரெய்லர் எடுத்தது யாரு? பதினாலு வயசுலேர்ந்து நான்தான்."

"அது வயக்காடு. எங்க இடிச்சாலும் வைக்கோல். இது வேற."

யோலி கரண்டியை வைத்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? சொன்னேன். "எடுக்கட்டுமேடா, உனக்கு என்ன கொறஞ்சிடும்?" என்றேன். "நீ கல்யாணம் பண்ணி ஒரு டிரெய்லர் வாங்கு, அப்புறம் பேசு" என்றான்.

சாமான் ஏற்றுகிற அன்றும் இதே கதைதான். தொட்டில் டிரெய்லரின் கடைசியில் இருக்கிறது. குழந்தைக்கு எது வேண்டுமானாலும் உடனே கையில் கிடைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடைசியிலேயே அடுக்கினான். தண்ணீர் கேன் அத்தனையும் தொட்டிலுக்கு அடியில். டிரெய்லர் இழுக்கிற எந்தப் பயலுக்கும் தெரியும், பாரம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் பாரம் ஏறினால் வண்டி நாய்வால் மாதிரி ஆடும். இவனுக்கும் தெரியும், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவன்தான். ஆனால் குழந்தை என்று வந்ததும் புத்தி கழன்று போய்விட்டது.

"தண்ணிய முன்னாடி வைடா" என்றேன்.

"தண்ணி என் புள்ளைக்கு! உனக்கு இல்ல! போடா!"

போனேன். எனக்கு வேறு வேலை இருந்தது. பூங்காவில் முதலில் வருகிறவனுக்குத்தான் இடம். யாராவது ஒருத்தன் முந்திப்போய் நல்ல இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட வேண்டும். நாற்காலி இருந்தால் அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். சட்டம் அப்படி இல்லை, ஆனால் வழக்கம் அப்படி. லாய்ட் தன் நாற்காலியையே கொடுத்தனுப்பினான். சாதாரண நாற்காலி இல்லை அது. இருபது வருஷ வேலைக்காக யார்டில் கொடுத்தது. பச்சைத் துணி, கைப்பிடியில் கோப்பை வைக்க ஓட்டை, முதுகில் அவன் பெயர். வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டான். குழந்தை அதில் பால் கக்கியபோது மட்டும் சிரித்தான்.

முந்தின நாளே போய் இடம் பிடித்தேன். இரண்டு பக்கமும் வீடு உயரத்துக்குப் பாறை, பின்னால் மஞ்சள் பூ கம்பளம் விரித்த மாதிரி. யோலிக்குப் பிடிக்கும் என்று தெரியும். நட்ட நடுவில் லாய்டின் நாற்காலியைப் போட்டுவிட்டு என் வண்டியில் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் முற்பகலில் வர வேண்டியவர்கள் உச்சி வெயிலுக்கும் வரவில்லை. எதிர் இடத்தில் ஆரிகன் பக்கத்திலிருந்து வந்த கிழவன் கிழவி. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஆட்கள் நாலு பேர். கடைசியில் லாய்டின் பிக்கப்பும் டிரெய்லரும் வளைவில் தெரிந்தன. கிழவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

யோலி குழந்தையோடு இறங்கினாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"மேட்டுல காத்து" என்றாள் என்னிடம். "லாரி ஒண்ணு தாண்டிப் போச்சு. அவ்வளவுதான், டிரெய்லர் ஆட ஆரம்பிச்சிது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்களையும் சேத்து இழுத்துது. ஓரங்கட்டி, ரெண்டு பேரும் வெயில்ல நின்னு எல்லாத்தையும் முன்னாடி மாத்தினோம்."

"கத்தினானா?"

"இல்ல. வாயத் தெறக்கல." அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "கத்தியிருந்தாலே நல்லாருந்திருக்கும். கொதிக்கிற பானைக்கு மூடி போட்ட மாதிரி வந்தான்."

நான் லாய்டின் நாற்காலியை எடுத்துப் பின்பக்க ஓரத்தில், ஒரு புதர்ப் பக்கம் வைத்தேன். "நான் கை காட்டுறேன் யோலி, நீங்க நிழல்ல உக்காருங்க."

"நகருங்க க்ளீட்" என்றாள். "இது எனக்கும் அவனுக்கும்."

இடுப்பில் குழந்தை, தலைக்கு மேல் வெயில், பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி சரியாகத்தான் நின்றாள். ஒரு கையை ஆட்டினாள். லாய்ட் எடுத்தான். தவறாக வளைந்தது. முன்னால் போனான், மறுபடி எடுத்தான். பாறைக்கு ஒரு முழம் இருக்கும்போது யோலி கையை உயர்த்தி நிறுத்தினாள். மோட்டார் சைக்கிள்காரன் ஒருத்தன், "இன்னும் கொஞ்சம் வா அண்ணே, பாறை மெத்து மெத்துனு இருக்கும்!" என்றான். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை டிரெய்லர் வில்லாக வளைந்து, கொக்கி பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. குழந்தை வீரிட்டு அழுதது.

ஜன்னலில் தலை வந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சா? எங்கடீ நிக்கிற? ஒரு கைய ஒழுங்கா ஆட்டத் தெரியாதா? ஒரு வேலைக்கு ஒதவுறியா நீ!"

பாறைகளில் பட்டு அது திரும்பி வந்தது. ஒரு வேலைக்கு ஒதவுறியா நீ. இரண்டு தடவை கேட்டது. மோட்டார் சைக்கிள்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்து ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்திருப்பேன். அதற்குள் யோலி அவனிடம் போய்விட்டாள். கதவைத் திறந்தாள்.

"எறங்கு."

"யோலி, நான் வந்து..."

"எறங்குன்னு சொன்னேன்."

இறங்கினான். அழுகிற குழந்தையை அவன் கையில் திணித்தாள். ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் தள்ளினாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், ஒன்றைத் துடைத்தாள். எவனையும் பார்க்கவில்லை. வண்டியை முன்னால் எடுத்தாள். இடத்தை விட்டு வெளியே வந்து முகாம் சாலையில் ஏறினாள். போனாள். வளைவில் திரும்பிப் பாறைக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

வண்டி போன புழுதி மட்டும் நின்றது.

"போயிட்டா" என்றான் லாய்ட்.

நான் வளைவைப் பார்த்தேன். பிராலிக்குச் சாலை அந்தப் பக்கம்தான்.

"புள்ளய விட்டுட்டுப் போயிட்டாளே க்ளீட். பாலெல்லாம் டிரெய்லர்ல இருக்கே."

"உனக்குப் பால்தான் ஞாபகம் வருதா?"

"நான் ஒண்ணும் கத்தணும்னு..."

"வாய மூடு. இன்னொரு வார்த்தை பேசின, குழந்தைய நான் வாங்கிக்கிட்டு உன்னை அந்தக் கள்ளி முள்ளு மேல உக்கார வைப்பேன்."

வாயை மூடினான். குழந்தை அவன் தோளில் முகத்தை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தது. பெரிய கையால் முதுகைத் தட்டிக்கொண்டு, ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்குமாக நடந்தான். எதிர்ப்பக்கத்துக் கிழவி மட்டும் எழுந்து வந்து குழந்தைக்கு ஒரு தொப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு லாய்டைப் பார்த்து, "நாப்பத்தி நாலு வருஷமா எங்க வீட்டு ஆளுக்கு நானும் பின்னாடி நின்னு கையாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். கிழவன் நாற்காலியை மெதுவாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் தேம்பல் நின்றது. வாயைப் பிளந்துகொண்டு அவன் தோளில் தூங்கிவிட்டது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. போன பக்கமிருந்து இல்லை, எதிர்ப்பக்கமிருந்து. முகாம் சாலை வட்டச் சாலை என்பது எனக்கும் மறந்துவிட்டது, லாய்டுக்கும் மறந்துவிட்டது. யோலி முழுச் சுற்றுச் சுற்றி வந்திருக்கிறாள். இடத்தைத் தாண்டிச் சரியாக நிறுத்தினாள். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பின்னால் எடுத்தாள். யாரும் கை காட்டவில்லை. டிரெய்லர் சாவித் துவாரத்தில் சாவி போகிற மாதிரி இரண்டு பாறைக்கும் நடுவில் போனது. இடதில் பாறைக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம், வலதிலும் ஓர் ஆள் நிற்கலாம்.

கடைசியில் கொஞ்சம் அதிகமாகப் போனாள். புதர்ப் பக்கம் போனாள். அங்கே வைத்த நாற்காலி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எலும்பு முறிகிற சத்தம். பச்சைத் துணி கிழிந்தது. பெயர் எழுதின முதுகு சக்கரத்துக்கு அடியில் போய் மறுபக்கம் வந்தது.

லாய்டின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முலாம்பழ வயல் மேஸ்திரியின் மொத்தத் தொண்டையும் கிளம்பி மேலே வருவதைப் பார்த்தேன். தோளில் குழந்தை லேசாக அசைந்தது.

வாய் மூடிக்கொண்டது.

யோலி என்ஜினை நிறுத்தி இறங்கினாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டாள். லாய்டுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. அதில் இருந்த சூட்டையும் கேட்டதில்லை.

"புள்ள தூங்குது, அதனால மெதுவா சொல்றேன். ஆறு வருஷம். ஆறு வருஷமா வெயில்ல நிக்க வச்சு என்னை எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தின. நான் நல்லா ஓட்டுவேன்னு சொன்னேன். நீ சிரிச்ச. அத மட்டும் நான் மறக்கவே மாட்டேன்."

"யோலி..."

"நான் பேசுறேன். அந்த வளைவுல பாதி தூரம் போற வரைக்கும் பிராலிக்குத்தான் போறதா இருந்தேன். அப்புறம் தோணிச்சு, நான் எதுக்குப் போகணும்? வண்டி என் பேர்ல இருக்கு. பூவு பாக்க ஆசைப்பட்டவ நான். புள்ள எனக்கு. கத்தினவன் நீ. நான் எதுக்குடா அம்மா வீட்டுக்கு ஓடணும்?" மூச்சு விட்டாள். "இனிமே நான் போக மாட்டேன். இன்னொரு தடவை கத்தினா நீ போவ. எங்க போவன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்க."

லாய்ட் ஏதோ சொல்லப் பார்த்தான். அந்த ஒரு சொல்தான், வாழ்நாள் முழுக்க வராத சொல். உதடு அசைந்தது. வரவில்லை. யோலி காத்துக்கொண்டும் இருக்கவில்லை. டிரெய்லர் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பால் கலக்க ஆரம்பித்தாள்.

மூன்று நாளும் இருந்தோம். யோலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் பூவுக்கு நடுவே நடந்தாள். குழந்தை பூவைப் பிய்த்துத் தின்னப் பார்த்தது. லாய்ட் தண்ணீர் கொண்டுவந்தான், பாத்திரம் கழுவினான், துணி அலசினான். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் யோலியின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டான். திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். டிரெய்லர் ஆடவில்லை.

யார்டில் இப்போது, "பாத்தியா, லாய்ட் எவ்வளவு மாறிட்டான், தங்கமான மனசுடா அவனுக்கு" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மாறவில்லை. சாவி கை மாறியிருக்கிறது.

அந்த மூன்று நாளும் சாயங்காலம் அவன் கல்லில்தான் உட்கார்ந்தான். கூரான கல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். என் வண்டியில் இன்னொரு நாற்காலி இருந்தது. நான் கொடுக்கவில்லை.